மணிக்கட்டில் இன்னொரு மதிப்பெண் வேண்டாம்

காலை ஆறு மணி. பவர் ஹவுஸ் நிறுத்தத்தில் ஸ்கூல் வேன்கள் வரத் தொடங்கிவிட்டன. அடுக்களையில் டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதத்தை அடைத்துக்கொண்டே அம்மா செல்போனைப் பார்க்கிறாள். "ராத்திரி டீப் ஸ்லீப் நாற்பது நிமிஷம்தான் காட்டுது. ஸ்ட்ரெஸ் எழுபத்தெட்டு. பன்னெண்டு மணிக்கு மேல என்னடா பண்ணிட்டிருந்தே?" பல் துலக்கிக்கொண்டிருக்கும் பையன் பதில் சொல்வதில்லை. கையில் கட்டியிருக்கும் வாட்சை ஒரு தடவை பார்த்துவிட்டு வாய் கொப்பளிக்கப் போகிறான்.

கோடம்பாக்கத்தில் பிள்ளை வளர்க்கும் அம்மாக்களே, அப்பாக்களே, அந்தப் பையன் என்ன பதில் சொல்வான் என்று எதிர்பார்க்கிறோம்? "கெமிஸ்ட்ரி டெஸ்டை நினைச்சா பயமா இருக்கும்மா" என்று சொல்லியிருக்கலாம். சிநேகிதனோடு மனஸ்தாபம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் கேட்ட கேள்வி விசாரணையாக இருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் யாரும் மனம் விட்டுப் பேசுவதில்லை. நானும் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளையை வைத்திருக்கும் ஒருத்திதான். ட்ரஸ்ட்புரத்திலும் ரங்கராஜபுரத்திலும் யுனைடெட் இந்தியா காலனியிலும் இருக்கும் நம் வீடுகளில் கொஞ்ச காலமாக நடந்துவரும் ஒன்றைப் பற்றி நம் எல்லோரிடமும் பேச வேண்டியிருக்கிறது.

இந்த வாட்ச் எப்படி வீட்டுக்குள் வந்தது? பிறந்த நாளுக்கு வாங்கினோம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் வாங்கினோம். முதலில் எத்தனை அடி நடந்தான் என்று பார்த்தோம். பிறகு இதயத் துடிப்பு, பிறகு தூக்கம், இப்போது மன அழுத்தம். விலை குறைந்த உள்ளூர் பிராண்டுகளிலும் இப்போது ‘ஸ்ட்ரெஸ்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. கெட்ட எண்ணத்தோடு யாரும் வாங்கவில்லை. பயத்தில் வாங்கினோம். அந்தப் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர். நம் பிள்ளை அந்த மூன்றில் ஒன்றாக இருந்துவிடக் கூடாதே என்று தவிக்காத பெற்றோர் யார்?

ஆனால் அந்தத் தவிப்பை ஒரு எண்ணிடம் ஒப்படைத்துவிட்டு நாம் நிம்மதியடைவது சரியா? அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று எப்போதாவது யோசித்தோமா?

வாட்சின் அடியில் பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒளி தோலுக்குள் போய்த் திரும்பும்போது, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் பெருகுவதையும் குறைவதையும் கருவி படிக்கிறது. நிமிடத்துக்கு அறுபது துடிப்பு என்றால் நொடிக்கு ஒன்று என்று இதயம் கடிகாரம் போல் அடிப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது சற்று விரைகிறது, விடும்போது சற்று நிதானிக்கிறது. உடல் ஓய்வாக இருக்கும்போது இந்த இடைவெளிகள் நன்றாக ஏறி இறங்கும். உடல் முறுக்கேறினால் ஏற்ற இறக்கம் சுருங்கும். பெரும்பாலான வாட்சுகள் இந்த ஒன்றை முதன்மையாக வைத்துக்கொண்டுதான் ‘ஸ்ட்ரெஸ்’ என்று ஒரு எண்ணைத் தருகின்றன. சில கருவிகள் தோலில் ஊறும் வியர்வையையும் கணக்கில் சேர்க்கின்றன.

இப்போது ஒரு மே மாத மாலையை நினைத்துப் பாருங்கள். அக்னி நட்சத்திரம். லிஃப்ட் வேலை செய்யவில்லை. பெண் மூன்று மாடி ஏறி வருகிறாள். வந்ததும் ஒரு டம்ளர் ஃபில்டர் காபி குடிக்கிறாள். டிவியில் சேப்பாக்கம் மேட்ச், கடைசி ஓவர். சோபாவில் ஏறிக் குதித்துக் கத்துகிறாள். வாட்சில் எண் எகிறுகிறது. அந்த வாரத்திலேயே அவள் மிகவும் சந்தோஷமாக இருந்த பத்து நிமிடம் அது. மறுநாள் காலையில் அதைப் பார்த்துவிட்டு "நேத்து சாயங்காலம் உனக்கு என்னமோ ஆயிருக்கே, எதை மறைக்கிறே?" என்று கேட்கும் அப்பாவை அவள் எப்படிப் பார்ப்பாள்?

நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். கிட்டத்தட்ட 800 இளம் மாணவர்களுக்கு கார்மின் வாட்சைக் கட்டிவிட்டு, மூன்று மாதம், நாளுக்குப் பல முறை "இப்போது எப்படி உணர்கிறாய்?" என்று அவர்களிடமே கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். 2025ல் முடிவு வெளியானது. தூங்கிய நேரத்தை வாட்ச் ஓரளவு சரியாகச் சொன்னது. மன அழுத்தம் என்று வாட்ச் காட்டிய எண்ணுக்கும் அந்த இளைஞர்கள் தாங்களே சொன்ன மன அழுத்தத்துக்கும் ஏறக்குறைய தொடர்பே இல்லை. நன்றாகக் கவனியுங்கள். கேட்டபோது அவர்கள் சொன்னார்கள். கேட்டால் பிள்ளைகள் சொல்வார்கள்.

நாடியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர்க் கதையே ஒன்று இருக்கிறது. யோகாசிரியர் டி. கிருஷ்ணமாச்சாரியாரை மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் அறியாதவர் குறைவு. அவர் மைசூரில் இருந்த காலத்தில், 1935ல், தெரேஸ் ப்ராஸ் என்ற பிரெஞ்சு இதய மருத்துவர் ஈசிஜி கருவியோடு இந்தியாவுக்கு வந்து யோகிகளைச் சோதித்தார். இதயத்தை நினைத்தபடி அடக்க முடியும் என்ற பேச்சு அதன் பிறகு உலகமெங்கும் பரவியது. பின்னர் வெங்கர், பாக்சி, ஆனந்த் என்ற மூன்று விஞ்ஞானிகள் இதை மறுபடியும் ஆராய்ந்தார்கள். அதற்குள் சென்னைக்கு வந்துவிட்ட கிருஷ்ணமாச்சாரியாரும் அவர்கள் சந்தித்தவர்களில் ஒருவர். 1961ல் வெளியான அந்த ஆய்வு விஷயத்தைத் தெளிவாக்கியது. மூச்சை அடக்கி மார்பு, வயிற்றுத் தசைகளை இறுக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. கையில் நாடி தட்டுப்படாமல் போகிறது. மார்பில் காது வைத்தாலும் சத்தம் கேட்பதில்லை. ஆனால் இதயம் நிற்கவில்லை, துடித்துக்கொண்டேதான் இருந்தது. மணிக்கட்டு ஒன்றைச் சொல்லும்போது நெஞ்சுக்குள் வேறொன்று நடக்கலாம். கற்றறிந்தவர்களுக்கே அதைப் புரிந்துகொள்ள இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆனது என்றால், ஒரு செல்போன் திரையைப் பார்த்து நாம் எவ்வளவு அவசரமாகத் தீர்ப்புச் சொல்கிறோம்?

இதனால் கருவியே பொய் என்று சொல்ல வரவில்லை. அதைச் சரியாகப் பயன்படுத்தும் வழி ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் பயோஃபீட்பேக். உடம்புக்குள் நடப்பதை உடம்புக்குரியவருக்கே காட்டி, அதை அவரே கொஞ்சம் கொஞ்சமாக ஆளப் பழக்குவது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில், ஐந்து நொடி இழுத்து ஐந்து நொடி விட்டால், இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் பெரிதாகி உடல் தணிகிறது. திரையில் அந்த அலை பெரிதாவதைப் பார்க்கும்போது "என்னால் முடிகிறது" என்று பிள்ளைக்குத் தெரிகிறது. இந்தப் பயிற்சி பற்றிய 24 சிறிய ஆய்வுகளை, மொத்தம் 484 பேர், சேர்த்துப் பார்த்து 2017ல் வெளியான தொகுப்பாய்வு, பதற்றமும் மன அழுத்தமும் நல்ல அளவில் குறைந்ததாகச் சொல்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்கிய முயற்சியிலிருந்து ‘மைட்டியர்’ என்ற வீடியோ விளையாட்டு வந்தது. கோபத்தை அடக்கச் சிரமப்படும் சிறுவர்களுக்கானது. கையில் பட்டை. துடிப்பு ஏறினால் விளையாட்டு கஷ்டமாகும், சிறுவன் மூச்சை நிதானித்தால் மறுபடி எளிதாகும்.

அந்தத் திரை யாருக்காக இருக்கிறது என்று பாருங்கள். பிள்ளைக்காக. நம் வீட்டில் அது யார் கையில் இருக்கிறது?

மாலையில் அபார்ட்மென்ட் வாசலில் நான்கு பேர் நிற்கும்போது நடக்கும் பேச்சு உங்களுக்கும் தெரியும். "எங்க பொண்ணுக்கு ஸ்லீப் ஸ்கோர் எண்பத்தஞ்சுக்குக் கீழே போகாதுங்க." "இவனுக்கு ஸ்ட்ரெஸ் எப்பவும் சிவப்புலதான் நிக்குது, கான்சென்ட்ரேஷனே இல்ல." பக்கத்தில் கிரிக்கெட் மட்டையோடு நிற்கும் பையனின் காதில் இதெல்லாம் விழுகிறது. கணக்கில் எண்பது, இயற்பியலில் எழுபத்திரண்டு என்று ஒப்பிட்டோம். இப்போது தூக்கத்தையும் பயத்தையும் ஒப்பிடுகிறோம். தூங்குவதில்கூட ஃபெயில் ஆக முடியும் என்று ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது என்ன நியாயம்?

இந்தப் பாதை எங்கே போகும் என்று சீனாவில் பார்த்துவிட்டார்கள். 2019ல் ஜெஜியாங் மாகாணத்தின் ஜின்ஹுவா நகரில் ஒரு தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளின் தலையில் மூளை அலைகளைப் படிக்கும் பட்டையை மாட்டினார்கள். யார் கவனமாக இருக்கிறார்கள், யார் இல்லை என்று ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் எண்கள் போயின. மதிப்பு குறைந்தால் வீட்டில் தண்டனை கிடைக்கிறது என்று ஒரு சிறுவன் சொன்னது செய்தியில் வந்தது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பி, அந்தப் பட்டைகளை நிறுத்தி வைத்தார்கள். பள்ளிகளிலும் வேலை இடங்களிலும் ஒருவரின் உணர்ச்சியைக் கருவி வைத்து ஊகிப்பதை, மருத்துவக் காரணமோ பாதுகாப்புக் காரணமோ இருந்தாலொழிய, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரியிலிருந்து தடை செய்திருக்கிறது. ஒரு பள்ளிக்கூடம் செய்யக் கூடாது என்று உலகம் ஒதுக்கும் காரியத்தை, வாத்தியாரும் வேண்டாம் சட்டமும் வேண்டாம் என்று, நம் வீட்டுக் கூடத்தில் நாமே செய்யலாமா?

நம் மாநிலம் இதைவிடத் தெளிவாக யோசித்திருக்கிறது. 2017ல் தமிழக அரசு, பொதுத் தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. பிள்ளைகள் மேல் ஏறும் சுமையைக் குறைக்கத்தான். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவி இறந்த வழக்கில், 15 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனங்களில் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் இருக்க வேண்டும் என்றது. மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளை பேட்ச் பிரிக்கக் கூடாது என்றும் சொன்னது. அரசு எடுத்துவிட்ட ரேங்க்கையும் நீதிமன்றம் வேண்டாம் என்ற பேட்ச்சையும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து நாம் மணிக்கட்டில் திரும்பக் கட்டுகிறோம்.

ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கும் டைம்டேபிளைப் பாருங்கள். ஐந்தரைக்கு மேத்ஸ் டியூஷன். எட்டு மணிக்கு ஸ்கூல். நாலரைக்குத் திரும்பி, ஐந்தே கால் முதல் எட்டரை வரை கோச்சிங். ஒன்பது மணிக்குச் சாப்பாடு, ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை ஹோம்வொர்க். இப்போது நடுவில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது: ‘10.30 முதல் 10.40 வரை மூச்சுப் பயிற்சி, ஆப் பார்த்து.’ அதையும் செய்யவில்லையென்றால் திட்டு. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். அந்த டைம்டேபிளில் தூங்குவதற்கு எத்தனை மணி நேரம் விட்டிருக்கிறோம் என்று கூட்டிப் பார்த்தால், வாட்சில் ஏன் சிவப்பு விளக்கு எரிகிறது என்று கேட்க நமக்கு வாய் வருமா?

பாரத்தை அப்படியே வைத்துவிட்டு, சுமப்பவனுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது உதவி ஆகாது. பாரத்தைக் குறைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதே சென்னையில் முன்னுதாரணம் உண்டு. 1986ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘ஸ்நேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பு ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து இயங்குகிறது. தேர்வில் தோற்ற பிள்ளைகளின் துயரத்தைத் தொடர்ந்து கேட்டவர்கள், தோற்றவர்கள் ஒரு வருடம் வீணாகக் காத்திருக்காமல் உடனே மறுபடி எழுத வழி செய்யுங்கள் என்று அரசிடம் வலியுறுத்தினார்கள். துணைத் தேர்வு வந்தது. தோற்றாலும் அதே ஆண்டில் கல்லூரியில் சேரலாம் என்ற நிலை வந்தது. பிள்ளையை அமைதிப்படுத்த முயன்றதோடு நிறுத்தாமல், பிள்ளையை நெருக்கிய முறையையே மாற்றினார்கள். வீட்டில் அப்படி ஒரு துணைத் தேர்வு நம்மிடம் உண்டா? "பரவால்ல, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று முகம் சுளிக்காமல் கடைசியாக எப்போது சொன்னோம்?

இன்னொன்றும் இருக்கிறது. பெண்ணின் டைரி மேஜை மேல் கிடந்தால் திறக்கலாமா என்று நம்மில் பலர் ஒரு கணமாவது தயங்குவோம். அவள் எப்போது தூங்கினாள், எப்போது விழித்தாள், எந்த நேரத்தில் நெஞ்சு படபடத்தது, மாதவிலக்கு எப்போது என்பதெல்லாம் இருக்கும் ஆப்பை மட்டும் தயங்காமல் திறக்கிறோம். 2023ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது ஆகாதவர்களின் தரவைக் கையாள நிறுவனங்கள் பெற்றோரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்கிறது. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து அவர்கள் நடத்தையைக் கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் பொதுவாகத் தடுக்கிறது. சட்டம் நம்மைக் காவலாக நிறுத்தியிருக்கிறது. நாமோ ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதை ஒரு வரிகூடப் படிக்காமல் அழுத்துகிறோம். "இதையெல்லாம் நான் பாக்கலாமாம்மா?" என்று அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டோமா?

கேட்காமல் பார்த்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான். பிள்ளை வாட்சைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைக்கும். தம்பி கையில் கட்டிவிடும். அதைவிட மோசமாக, எந்த உணர்ச்சியையும் வெளியே காட்டாமல் இருக்கப் பழகிக்கொள்ளும். யுனிசெஃப் 2021ல் வெளியிட்ட அறிக்கைக்காக 21 நாடுகளில் 15 முதல் 24 வயதுக்குட்பட்டவர்களிடம், மனச் சங்கடத்துக்குப் பிறரிடம் உதவி கேட்பது நல்லதா என்று கேட்டார்கள். சராசரியாக 83 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். இந்தியாவில் 41 சதவீதம் பேர்தான் அப்படிச் சொன்னார்கள். ஏற்கெனவே வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைகள் இவர்கள். "உன் வாய் எதுக்கு, வாட்ச் சொல்லுதே" என்று நாமும் நடந்துகொண்டால் மீதி வார்த்தைகளையும் விழுங்கிவிடமாட்டார்களா?

ஆகவே, பெற்றோரே, இன்று இரவே சிலவற்றைச் செய்வோம். பிள்ளையின் கணக்கை நம் செல்போனிலிருந்து எடுத்துவிடுவோம். "இது உன் உடம்பு, உன் வாட்ச். ஏதாவது சொல்லணும்னு தோணினா சொல்லு" என்று பிள்ளையிடமே கொடுத்துவிடுவோம். வேண்டாம் என்று கழற்றி வைத்தால் காரணம் கேட்காமல் விடுவோம். மூச்சுப் பயிற்சி நல்லது என்று நம்பினால் அதைப் பிள்ளைக்கு உத்தரவாகப் போடாமல், டிவியை அணைத்துவிட்டு நாமும் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் செய்வோம். நம் மூச்சும் ஒன்றும் நிதானமாக ஓடவில்லை. டைம்டேபிளில் ஒரு டியூஷனை எடுத்துவிட்டு அந்த நேரத்தைத் தூக்கத்துக்குக் கொடுப்போம். வாட்சில் வரும் எண்களை வாட்ஸ்அப் குரூப்பிலும் மாடிப்படியிலும் இனி ஒருபோதும் பேசாதிருப்போம்.

எந்த வாட்சும் காட்டாதவற்றை நம் கண்ணால் பார்ப்போம். பிடித்த சாப்பாட்டைத் தள்ளிவைப்பது, சிநேகிதர்களிடமிருந்து ஒதுங்குவது, விரும்பிச் செய்த காரியங்களை விட்டுவிடுவது, ஆசையாக வைத்திருந்த பொருள்களை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவது, "நான் இல்லேன்னா உங்களுக்கு நிம்மதிதானே" என்று பேச்சுவாக்கில் சொல்வது. இவற்றில் எதைப் பார்த்தாலும் ஆப்பில் எண் பச்சையாக இருக்கிறது என்று சும்மா இருந்துவிடக் கூடாது. "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பது மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம். பள்ளி ஆலோசகர் இருக்கிறார். கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே இலவசமாக அழைக்கலாம். ஸ்நேகாவின் எண் 044-24640050. மனநல மருத்துவர் பார்த்து, பிள்ளையும் சம்மதித்து, சிகிச்சையின் பகுதியாக ஒரு கருவியைக் கட்டச் சொன்னால் தாராளமாகக் கட்டலாம்.

நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே போதுமான அளவு மதிப்பெண்கள் இருக்கின்றன. அவர்களின் பயத்துக்கும் தூக்கத்துக்கும் நாமும் மதிப்பெண் போட வேண்டாம். இன்று ராத்திரி செல்போனைக் கீழே வையுங்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். "எப்படிடா இருக்கே?" என்று கேளுங்கள். அவன் பேச எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் இடையில் எழுந்து போகாதீர்கள்.